இல்லாத கிளட்ச்

"இது வண்டியே இல்லைங்க, அம்மிணி," என்றார் திருமூர்த்தி.

பக்கத்து இருக்கையில் சபூரா இருந்தார். கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லாம அதுவா கியர் மாத்துது. அதுவா ஏத்துது, அதுவா இறக்குது. அப்புறம் உள்ள நான் எதுக்குங்க?"

அது நல்ல கேள்வி. இதையே வேறு சொற்களில் கேட்டுவிட்டு, மடங்களில் தாடி நரைக்கக் காத்திருப்பவர்கள் உண்டு.

திருமூர்த்திக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. மாதம் முடிய இருபத்திரண்டு நாட்களே இருந்தன.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், முப்பத்தோர் ஆண்டுகள் ஜீப் ஓட்டியவர். அந்த மலையில் ஓட்டுநருக்குச் சான்றிதழ் தருபவர்கள் பயணிகள்தாம். வாந்தி எடுக்காமல் இறங்கினால் ஓட்டுநர் பரவாயில்லை என்பார்கள். தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தால், ஓட்டியது திருமூர்த்தியா என்று கேட்பார்கள்.

சர்க்கரை நோய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது.

மலைமேல் இருந்த தேயிலைத் தோட்ட மருத்துவமனைக்கு, நோயாளிகளைக் கீழே கொண்டுசெல்ல ஒரு புது வண்டி வந்திருந்தது. கியர் தானாக மாறும் வண்டி. நன்கொடையாக வந்தது; கொடுத்தவர் மலையைப் பார்த்ததில்லை.

அங்கே மருத்துவராக இருந்தவர் தேவகிருபை என்ற பெண்மணி. புண்ணைக் காட்டு, காட்டு என்று இரண்டு ஆண்டுகள் திருமூர்த்தியைத் திட்டித் தோற்றவர்.

"இந்த வண்டிக்கு இடது கால் வேண்டாம், திருமூர்த்தி," என்று அவர் சொல்லியிருந்தார். "மாசக் கடைசி வரைக்கும் டிரைவர் வேலையை உங்களுக்காக வெச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி காலையில நானே பக்கத்துல உக்காந்து கீழ வரைக்கும் வருவேன். வந்து சேர்ந்தா வேலை உங்களுக்கு. வழியில நான் பயந்தா, வேற ஆள்."

ஆகவே அவர் இங்கே வந்திருந்தார். மலையடிவாரத்தில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு மண் மைதானம். ஒரு வெள்ளைக் கார். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சபூரா. சபூராவுக்கு முப்பத்துமூன்று வயது. அதாவது, திருமூர்த்தி முதன்முதலாக மலையேறியபோது அவருக்கு இரண்டு வயது.

சபூரா கடலைப் பொட்டலத்தை டேஷ்போர்டின் மேல் நிறுத்தி வைத்தார்.

"ஓட்டுங்கண்ணா," என்றார்.

கேள்விக்கு அவர் அளித்த பதில் அவ்வளவுதான்.

&nbsp;

மைதானத்தின் கோடியில் ஒரு வேப்பமரம். அங்கே திரும்ப வேண்டும்.

திருமூர்த்தி திரும்பப் போனார். வண்டி தரையில் ஆணி அறைந்ததுபோல் நின்றது. கடலை முழுவதும் காலடியில் கொட்டியது.

"பிரேக்ல ஏதோ கோளாறுங்க," என்றார் அவர்.

"பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது."

"நான் பிரேக்கே மிதிக்கலைங்களே!"

"பொறுக்குங்க," என்றார் சபூரா.

"என்னத்தைங்க?"

"கடலையை."

திருமூர்த்தி அவரைப் பார்த்தார். விளையாட்டாகத் தெரியவில்லை. குனிந்து பொறுக்கினார். பொட்டலம் மறுபடி டேஷ்போர்டுக்குப் போனது.

இரண்டாம் முறையும் கொட்டியது. மூன்றாம் முறையும். ஏழாம் முறை பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இந்த வண்டிக்கு இடது கால் வேண்டாம்னு டாக்டரே சொன்னாங்கன்னீங்க," என்றார் சபூரா. "அப்புறம் எதுக்கு அதைக் கூப்பிடறீங்க?"

"நான் கூப்பிடலைங்க. அதுவா வருது."

"எந்தக் கால்? இருக்கறதா, போனதா?"

திருமூர்த்தி வேப்பமரத்தைப் பார்த்தார்.

"போனது," என்றார்.

"எதுக்கு வருது?"

"கிளட்ச் மிதிக்கங்க."

"இந்த வண்டியில கிளட்ச் எங்கண்ணா இருக்குது?"

அவர் குனிந்து பார்த்தார். பார்க்கத் தேவையில்லைதான். ஆனாலும் பார்த்தார். அங்கே இரண்டே மிதிகள் இருந்தன.

முப்பத்தோர் ஆண்டுகளாக ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய இடது தொடை இறங்கியிருக்கிறது. இப்போதும் இறங்கியது. தொடையோடு செயற்கைக் காலும் இறங்கியது. அது விழுந்த இடத்தில் பிரேக் இருந்தது.

"இல்லாத கால் இல்லாத கிளட்சை மிதிக்க வருது," என்றார் சபூரா. "நடுவுல பிரேக் மட்டும் பாவம் நெசமா இருக்குது. அது மிதி வாங்குது. கூடவே என் மூக்கும் வாங்குது."

"என்ன பண்றதுங்க?"

"காலைக் கழட்டிப் பின்சீட்ல வைங்க."

திருமூர்த்தி அசையவில்லை.

அவர் காலை இழந்தவர் என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். பார்த்தவர் எவருமில்லை. முழுக்காற்சட்டை, இரண்டு காலணிகள், நாள்தோறும் இரண்டுக்கும் பாலிஷ். உயிருள்ள காலைவிட உயிரில்லாத கால் அதிகம் மின்னியது.

"வண்டி ஓட்டச் சொல்லித்தர உக்காந்திருக்கீங்களா, மானத்தை வாங்க உக்காந்திருக்கீங்களா?"

"ஏனுங்கண்ணா, மானம் கால்லயா இருக்குது?"

"உங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுதான். கழட்டுனாத்தானே தெரியும்."

அவர் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்.

சபூரா கூப்பிடவில்லை. மண் ஒட்டிய கடலைகளை ஊதி ஊதித் தின்றார்.

&nbsp;

மூன்று நாட்கள் கழித்து திருமூர்த்தி மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றார்.

"வீட்ல என் ஜீப்பை எடுத்துப் பாத்தனுங்க," என்றார்.

"எடுத்து?"

"கிளட்சை மிதிச்சிருக்கனா, விட்டுட்டனான்னே தெரியலை. கட்டைக் காலுக்கு என்னங்க தெரியும்? சட்டுனு பாஞ்சிருச்சு."

"எங்க?"

"துவைக்கற கல்லு மேல."

"கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கல்லுக்கு ஒண்ணுமில்லைங்க. ஜீப்புக்கு மூஞ்சி போச்சு. மூணு நாளா எங்க வீட்டுக்காரி பேசறதில்லை."

"ஜீப் என்ன சொல்லுச்சு?"

வேறு யார் கேட்டிருந்தாலும் அவர் கோபித்துக்கொண்டிருப்பார். இப்போது யோசித்தார்.

"போதும்னுச்சு," என்றார்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். காற்சட்டையைச் சுருட்டினார். வார்களை அவிழ்த்தார். பளபளக்கும் காலணியோடு காலைக் கழற்றி, நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினார்.

சபூரா இரண்டு கைகளாலும் வாங்கினார். பின்சீட்டில் சாய்த்து வைத்து, அதற்கு பெல்ட் போட்டார்.

"அதுக்கு எதுக்குங்க பெல்ட்?"

"திருப்பத்துல உருண்டு என் கடலை மேல விழுந்தா?"

திருமூர்த்தி சிரித்துவிட்டார். சிரிக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

வண்டி வேப்பமரத்தை நோக்கிப் போனது. தொடை இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை, ஒன்றும் நிகழவில்லை. வண்டி திரும்பியது. பொட்டலம் நின்ற இடத்திலேயே நின்றது.

இன்னொரு சுற்று. இன்னொன்று.

"இப்பவும் மிதிக்குதுங்க," என்றார் அவர், தவறு செய்தவரின் குரலில்.

"மிதிக்கட்டும்."

"அந்தப் பழக்கத்தை விடணுமில்லைங்களா?"

"வண்டி ஏதாச்சும் சொல்லுச்சா?"

"இல்லைங்க."

"கடலை கொட்டுச்சா?"

"இல்லைங்க."

"அப்ப உங்களுக்கு என்ன? நல்லா மிதிங்க."

&nbsp;

அடுத்த வாரம் மலைக்குப் போனார்கள்.

முதல் வளைவுக்கு முன்பாக சபூரா சொன்னார்: "கியர் மாறப்போகுதுன்னு, மாறறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? அதுதான் அதுவா மாத்துதே."

"முப்பத்தொரு வருஷம் காதுல பஞ்சு வெச்சுட்டா ஓட்டுனீங்க?"

அந்தச் சொல் சுட்டது. திருமூர்த்தி வாயை மூடிக்கொண்டு எஞ்சினைக் கவனித்தார்.

"இப்ப," என்றார்.

எஞ்சினின் குரல் இறங்கியது. மாறிவிட்டது.

"இப்ப."

மாறியது.

"இப்ப. இப்ப."

ஒன்பதாவது வளைவு வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. கீழே ஆழியாறு அணையின் நீர் ஒரு தட்டளவு சிறுத்திருந்தது. பத்தாவது வளைவின் ஏற்றத்தில் "இப்ப" என்றார். மாறவில்லை.

"தப்பு," என்றார் சபூரா.

"தப்பில்லைங்க! இந்த ஏத்தத்துக்கு இறங்கியே ஆகணும். இது இறங்கலைன்னா..."

சொல்லிக்கொண்டே வலது காலை ஒரு நூலளவு அழுத்தினார். கியர் இறங்கியது. வண்டி தோள்கொடுத்து ஏறியது.

அவர் பேச்சை நிறுத்தினார்.

சமமான இடத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்தினார். கியர் ஏறியது. அழுத்தினார். இறங்கியது. தளர்த்தினார். ஏறியது.

மூன்று வளைவுகளுக்கு இதையே செய்துகொண்டிருந்தார்.

"அம்மிணி."

"ம்."

"நான் சொல்லாம அதுவா மாத்துதுன்னு சொன்னனுங்களே."

"சொன்னீங்க."

"நான் சொல்லித்தான் மாத்துது. முதல் நாள்ல இருந்து நான்தான் சொல்லிட்டு இருந்திருக்கறேன். நான் சொல்றது எனக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

வேறொரு குருவாக இருந்தால் இந்த இடத்தில் கண்களை மூடிப் புன்னகைத்திருப்பார்.

"ரோட்டைப் பாருங்கண்ணா," என்றார் சபூரா. "வரையாடு நிக்குது."

&nbsp;

இறங்கும்போதுதான் அது நடந்தது.

நாற்பதில் தொடங்கி முப்பத்தொன்றாம் வளைவுக்கு வந்திருந்தார்கள். ரப்பர் கருகுவதுபோல் ஒரு வாடை. திருமூர்த்தி சாலை அகன்ற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

அவர் கதவைத் திறந்து குனிந்து முகர்ந்தார்.

அது எரியும் பிரேக்கின் வாடை. சமவெளியிலிருந்து வரும் சுற்றுலாக் கார்களின் வாடை. முப்பத்தோர் ஆண்டுகளாக அந்த வாடையை முகர்ந்து, அந்தக் கார்களை ஓட்டியவர்களின் பரம்பரையையே ஏசியவர் அவர். இன்று அது அவருடைய சக்கரத்திலிருந்து வந்தது.

"நான் அப்பவே சொன்னனுங்க," என்றார். "மலையில எந்தக் கியர்ல ஏறுனமோ அந்தக் கியர்லதான் இறங்கோணும். எஞ்சின்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்தோணும், பிரேக் இல்லை. இதுல பிடிச்சு நிறுத்தக் கியர் எங்க இருக்குது? உருளுது. பந்து மாதிரி உருளுது. பின்னாடி ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்க வெச்சுட்டு இதுல இறங்க முடியுமாங்க? டாக்டர்கிட்டச் சொல்லிடறேன். வேற ஆளைப் பாக்கட்டும்."

சபூரா இறங்கிப்போய், சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். கடலை உரித்தார். பிரேக் ஆறும் வரைக்கும் உரித்தார்.

பிறகு, அங்கிருந்தபடியே சொன்னார்: "அந்தக் கியர்க் குச்சிக்குப் பக்கத்துல எத்தனை எழுத்து இருக்குதுங்கண்ணா?"

"நாலஞ்சு இருக்கும்."

"நாலா, அஞ்சா?"

அவர் குனிந்து படித்தார். "பி. ஆர். என். டி." நிறுத்தினார். "கீழ எல்-னு ஒண்ணு இருக்குதுங்க."

"அது எதுக்கு?"

"தெரியாதுங்க."

"எத்தனை நாளாத் தெரியாது?"

"வந்த நாள்ல இருந்து."

"என்கிட்ட ஏன் விசாரிக்கலை?"

திருமூர்த்தி ஸ்டியரிங்கைத் துடைத்தார். அதில் அழுக்கு ஏதும் இல்லை.

"முப்பத்தொரு வருஷம் ஓட்டுனவன், அதைப் போயி ஒருத்தர்கிட்ட..."

மறுபடி ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"இப்ப விசாரிங்க," என்றார் சபூரா. "நான் எங்கயும் போகலை."

ஒரு பேருந்து ஏறிப் போனது. அதன் ஓட்டுநர் திருமூர்த்தியை அடையாளம் கண்டு, ஒலிப்பான் அடித்து, நிற்கும் காரையும் சக்கரத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார். திருமூர்த்தி அவர் போய் மறையும்வரை பார்த்திருந்தார். பிறகு திறந்த கதவு வழியாகச் சத்தமாகவே கேட்டார்.

"எல்-னா என்னங்க, டீச்சர்?"

அந்தச் சொல்லால் அவர் சபூராவை அழைத்தது அதுவே முதல் முறை.

சபூரா எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"இழுத்துப் பாருங்க," என்றார்.

இழுத்தார். வண்டி சரிவில் இறங்கத் தொடங்கியது. எஞ்சின் உறுமியது. வண்டி தன்னைத்தானே பின்னிருந்து பற்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, பார்த்துப் பார்த்து இறங்கியது.

அந்த உறுமல் அவருக்குத் தெரியும். அவருடைய ஜீப்பின் இரண்டாம் கியர் அது. மழையிலும் பனியிலும், பிள்ளைத்தாய்ச்சிகளோடும் காய்ச்சல்காரர்களோடும் முப்பத்தோர் ஆண்டுகள் அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்த குரல் அது.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"அடேய்," என்றார் வண்டியிடம். "இங்கதான் உக்காந்திருந்தியா நீ?"

&nbsp;

உரிமத்துக்கான தேர்வில் பிரேக் இன்ஸ்பெக்டர் அவரை மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னார். போட்டார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தார். உரிமத்தில் திருத்தம் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு வியப்பும் இல்லை.

கடைசி நாள், வெள்ளைக் காரை மைதானத்தில் நிறுத்திவிட்டு, திருமூர்த்தி இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், முத நாளு ஒண்ணு கேட்டனுங்க. வண்டி அதுவா எல்லாம் பாத்துக்கிச்சுன்னா உள்ள நான் எதுக்குன்னு. நீங்க சொல்லவே இல்லை."

டேஷ்போர்டின் மேல் பொட்டலம் காலையில் வைத்தபடியே இருந்தது. சபூரா அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்கண்ணா," என்றார்.

அந்த மூன்று வாரங்களில் ஒரு கடலைகூட அவருக்குக் கொடுக்கப்பட்டதில்லை.

&nbsp;

ஒன்றாம் தேதி காலை மலையில் பனி இறங்கியிருந்தது.

டாக்டர் தேவகிருபை புது வண்டியின் முன்சீட்டில் ஏறினார். உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழம். பதினோர் ஆண்டுகளாக அந்த மலையில் வேலை பார்த்தும் வளைவுகள் அவருடைய வயிற்றுக்குப் பழகவில்லை. அதை முகர்ந்துகொண்டேதான் இறங்குவார். அதை முகர்ந்துகொண்டேதான் ஏறுவார்.

திரும்பிப் பின்னால் பார்த்தார். நோயாளியின் துணைக்கான இருக்கையில், பெல்ட் போட்டு, பளபளக்கும் காலணியோடு ஒரு கால் சாய்ந்திருந்தது.

"திருமூர்த்தி, அது என்ன?"

"என் காலுங்க, டாக்டர். கூட வருது."

டாக்டர் முன்னால் திரும்பிக்கொண்டார். கதவின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

நாற்பதாவது வளைவு. முப்பத்தொன்பது. குச்சி எல்-இல் இருந்தது. எஞ்சின் உறுமியது. பனிக்குள்ளிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

முப்பத்தெட்டாவது வளைவில் திருமூர்த்தியின் இடது தொடை இறங்குவதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"என்னாச்சு? தொடை இழுக்குதா? வலியா?"

"வலி இல்லைங்க. கிளட்ச் மிதிக்குது."

"இந்த வண்டியில கிளட்ச் ஏது?"

"இல்லைங்க."

"மிதிக்கக் காலும் இல்லையே!"

"அதுவும் இல்லைங்க."

டாக்டர் அவரையே பார்த்தார். மருத்துவ நூல்களில் அதற்கு ஒரு பெயர் உண்டு. அவர் அதை அறிவார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்.

"வண்டிக்கு அதுல ஆட்சேபணை இல்லைங்க, டாக்டர்," என்றார் திருமூர்த்தி. "விசாரிச்சுட்டேன்."

முப்பத்தைந்தில் ஒரு வரையாடு நடுச்சாலையில் நின்றது. அவர் ஒலிப்பான் அடிக்கவில்லை. நிறுத்தினார், காத்திருந்தார், அது போன பிறகு போனார். நின்றது எப்போது, கிளம்பியது எப்போது என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியவில்லை.

இருபத்தொன்பதில் கதவின் பிடியை விட்டு டாக்டரின் கை இறங்கியது.

இருபத்துநான்கில் எலுமிச்சம்பழம் அவருடைய விரல்களிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

திருமூர்த்தி ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் தேவகிருபை, வாய் சற்றே திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

இருபத்துமூன்றாவது வளைவு வந்தது. அவர் விழித்துவிடக் கூடாதே என்று, திருமூர்த்தி கிளட்சை மிக மெதுவாக மிதித்தார்.